பேரீச்சம்பழத்துக்குப் போகாத கேமரா

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டு பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவைக்கும் பத்திரக் கட்டுக்கும் நடுவே பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று படுத்திருக்க வாய்ப்பு அதிகம். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தது, 3 மெகாபிக்சல், சில காதுகுத்துகளையும் ராஜகோபால சுவாமியின் ஒரு வெண்ணெய்த்தாழியையும் பார்த்தது. அதே வீட்டுப் பரணில், பிளஸ் டூ படித்த பிள்ளைக்கு அரசு கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னையில் சிடாக் என்ற அரசு ஆய்வு மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது அது. தப்பித்தவறி அதற்குள் நுழைந்த பிள்ளைகள், வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல் பதறி ரீஸ்டார்ட் செய்தார்கள். கேமரா, லேப்டாப் இரண்டையும் பேரீச்சம்பழத்துக்குப் போடலாம் என்பது வீட்டாரின் ஏகமனதான தீர்மானம். கூடாது என்பது என் கட்சி. பழைய கேமராவை இன்றும் மதித்து உட்காரவைக்கிற இடம் லினக்ஸ்தான்.

காரணம் அந்த கேமராவோடு வந்த சிடியிலேயே இருக்கிறது. அதிலுள்ள டிரைவர் விண்டோஸ் 98க்கோ எக்ஸ்பிக்கோ எழுதியது. 32 பிட் காலத்து டிரைவரை இன்றைய 64 பிட் விண்டோஸ் வாசலிலேயே நிறுத்திவிடும். புதிதாக எழுதித் தரவேண்டியது கம்பெனி. விற்றுக் காசைப் பார்த்துவிட்ட பொருளுக்கு அது ஏன் மெனக்கெட வேண்டும்? கோடாக் 2012இல் டிஜிட்டல் கேமரா செய்வதையே விட்டுவிட்டது. லினக்ஸில் இந்த வேலையைப் பார்ப்பது லிப்ஜிஃபோட்டோ2 என்கிற நிரல் தொகுப்பு. தன்னார்வலர்கள் எழுதியது, யாரும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். அதன் பட்டியலில் 2,500க்கும் மேற்பட்ட கேமராக்கள். யூஎஸ்பிக்கு முந்தைய சீரியல் கேபிளில் பேசிய கோடாக் டிசி210க்குக்கூட அதில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். புது மாடல் விற்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லாததால், பழசைக் காலிசெய்யச் சொல்ல ஆளும் இல்லை. 2000க்குப் பிறகு பிடிபி என்ற பொது மொழி வந்துவிட்டது. அது தெரிந்த கேமராவுக்கு சிடியே தேவையில்லை. விண்டோஸும் அதைப் புரிந்துகொள்ளும், மறைப்பானேன்.

‘கறுப்புத் திரையில் மந்திரம் தட்டச்சு செய்ய எங்களால் ஆகாது’ என்பார்கள். பெரும்பாலும் அதற்கு வேலையே வராது. கேமராவை ஆன் செய்து கேபிளைச் செருகினால் திரையில் ஐகான் வந்து நிற்கும். வராவிட்டால் எல்எஸ்யூஎஸ்பி என்று ஒரே சொல்லைத் தட்டுங்கள். அது காட்டும் பட்டியலில் கேமராவின் பெயர் இல்லையென்றால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள், சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமாக இருக்கும். அல்லது பென்சில் பேட்டரி உயிரை விட்டிருக்கும். பழி என்னவோ லினக்ஸ் மேல். நிஜமாகவே லினக்ஸ் செய்கிற கோளாறு ஒன்று உண்டு. லிப்ஜிஃபோட்டோ2ஐ வேலை வாங்கும் ஜிஃபோட்டோ2 கட்டளையைக் கொடுத்தால், கருவியைக் கைப்பற்ற முடியவில்லை என்று கையை விரிக்கும். கேமரா கண்ணெதிரே கிடக்கிறது, வேறு யாரும் தொடவில்லை, பிறகென்ன? லினக்ஸின் க்னோம் என்ற முகப்புத் திரையின் பின்னணியில் ஓடுகிற சிறு நிரல் ஒன்று, கேபிள் செருகிய நொடியிலேயே, தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல் இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஃபைல் ஜன்னலில் கேமராவை ‘அன்மவுண்ட்’ செய்தால் துண்டு எடுபடும்.

கார்டை உருவி ரீடரில் போட்டால் தீர்ந்தது, எதற்கு இவ்வளவு வியாக்கியானம் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். நியாயம்தான், முதலில் அதையே செய்யுங்கள். ஆனால் ஒலிம்பஸும் ஃபியூஜியும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டுக்கு எந்தக் கடையில் ரீடர் கேட்பீர்கள்? கார்டு போட மறந்த நாளில் கேமராவின் உள் நினைவகத்தில் விழுந்த படங்களை எதை உருவி எடுப்பீர்கள்? ‘போன் இருக்கும்போது 3 மெகாபிக்சல் எதற்கு’ என்பவர்களுக்குக் கணக்கே பதில். அதன் படம் 2048க்கு 1536 புள்ளிகள். 6க்கு 4 மேக்ஸி பிரிண்டுக்கு 1800க்கு 1200 போதும். ஆல்பத்துக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் எத்தனை மெகாபிக்சலும் இளைத்துத்தான் போய்ச் சேரும்.

படமெல்லாம் இறங்கிய பிறகுதான் உண்மையான வில்லங்கம். கேமராவுக்குள் கடிகாரத்தை ஓட்டும் குட்டி பேட்டரி செத்திருந்தால், பென்சில் பேட்டரியை மாற்றும்போதெல்லாம் தேதி ஆரம்ப வருஷத்து ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். லினக்ஸ் அதை அப்படியே நம்பி அடுக்கும். பங்குனி வெண்ணெய்த்தாழி மார்கழிக் குளிரில் நடக்கும். பேரன் காதுகுத்து, அவன் அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். எக்ஸிஃப்டூல் என்ற நிரல் ஒரு தொகுதிப் படங்களின் தேதியை ஒரே கட்டளையில் தள்ளிவைக்கும். எவ்வளவு தள்ளுவது என்று மட்டும் அதற்குத் தெரியாது. படத்தில் அத்தை கட்டியிருக்கிற புடவை எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று பெரியம்மாவிடம் கேட்க வேண்டும். அவர் வருஷத்தோடு விலையையும், எடுத்துக்கொடுத்தது யார், கொடுக்காதது யார் என்பதையும் சேர்த்தே சொல்வார். படத்துக்குள்ளேயே தேதியைச் சுமக்கும் எக்ஸிஃபில், இதையெல்லாம் குறிப்பாக எழுதவும் ஓர் இடம் இருக்கிறது.