சென்னை மட்டும் கருஞ்சிவப்பு

கேள்வி: தமிழ்நாட்டு நகரங்களின் மக்கள்தொகையை ஐந்து வண்ணங்களில் வரைபடமாக்கினாள் என் மகள். சென்னை மட்டும் கருஞ்சிவப்பு. மதுரையும் மணப்பாறையும் ஒரே வெளிர்மஞ்சள்! மதுரைக்காரியான எனக்கு மனசே ஆறவில்லை.
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மகளைத் திட்டாதீர்கள். தப்பு, சமமாக வெட்டிய படிகளில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரில் சுமார் 86.5 லட்சம் பேர். ஐந்தால் வகுத்தால் படிக்கு 17 லட்சத்துக்கு மேல். கோவை 21 லட்சத்தோடு இரண்டாம் படியில் தொற்றிக்கொண்டது. 14.7 லட்ச மதுரை தரையிலேயே நின்றுவிட்டது. மூன்றாம், நான்காம் வண்ணங்களுக்கு ஆளே இல்லை! யானைக்குக் கட்டிய படிக்கட்டில் ஆடும் கோழியும் கீழேதான் நிற்கும்.

வண்ணத்துக்கு இத்தனை ஊர் என்று சமமாகப் பங்கிட்டாலோ, சென்னையின் பந்தியில் சின்ன நகரமும் உட்கார்ந்துவிடும்.

பின் ஜியாங் என்ற ஆய்வாளர் 2013இல் முன்வைத்த வழி அழகானது. எல்லா ஊர்களுக்கும் சராசரி எடுங்கள். அதைத் தாண்டிய சிலவற்றைப் பிரித்து, அவற்றுக்குள் மறுபடி சராசரி. மேலே நிற்பவை சிறுபான்மையாக இருக்கும்வரை இப்படியே தொடருங்கள். எத்தனை வண்ணம் என்பதைத் தரவே சொல்லிவிடும். மதுரையும் மணப்பாறையைவிட்டு மேலேறிவிடும்.

உங்கள் சிங்கப்பூரின் நகர்களை வரைய இந்த வைத்தியம் அவ்வளவாகத் தேவையில்லை. 2020இல் உங்கள் ஈசூனில் சுமார் 2.2 லட்சம் பேர், இன்னொரு நகரான பிடோக்கில் 2.8 லட்சம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) திட்டமிட்டுக் கட்டிய பெரிய நகர்கள் தோளோடு தோள் உரசித்தான் நிற்கின்றன.