எல்லாரையும் கேட்கும் கருணை

சாகப்போகிறவர்மீது நம் நாட்டுக்கு இருக்கும் அக்கறையை எப்படிப் போற்றுவது! கண்ணியத்தோடு இறக்கும் உரிமை கேட்டு ‘காமன் காஸ்’ அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 2005-இல். தீர்ப்பு வந்தது 2018 மார்ச் 9-இல். சாவு விஷயத்தில் அவசரம் கூடாது என்று பதின்மூன்று ஆண்டுகள் காத்த பொறுமை சாதாரணமா?

அன்று தீர்ப்பு வகுத்த வழி அதைவிட மேன்மையானது. மீளவே முடியாத நிலை வந்தால் எனக்குக் குழாயும் கருவியும் வேண்டாம் என்று ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். மாஜிஸ்திரேட் கையெழுத்தும் அப்போது வேண்டியிருந்தது. வேளை வந்ததும் மருத்துவமனை ஒரு குழுவைக் கூட்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் அதில் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. பிறகு கலெக்டர் இன்னொரு குழு அமைக்க வேண்டும் என்றது. இரண்டும் சம்மதித்த பின் மாஜிஸ்திரேட்டே நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றது. வாழ்நாளெல்லாம் தாலுகா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்றவரை, கடைசியில் அதிகாரம் தேடி வந்து பார்க்கும் பெருமை வேறெங்கே இருந்தது? அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பதொன்றே அவர் செய்ய வேண்டியிருந்தது.

2023 ஜனவரியில் நீதிமன்றமே இதை எளிதாக்கியது. நோட்டரி கையெழுத்து போதும், ஐந்தாண்டு அனுபவம் போதும் என்றது. எழுதிய உயிலை வாங்கிவைக்க உள்ளாட்சியில் ஓர் அதிகாரி இருக்கட்டும் என்றது. நிதானம் தவறாத நம் அரசுகள் அதற்கும் பதறவில்லை. கர்நாடகம் 2025 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டதே பெரிய செய்தியாயிற்று.

வலியிலும் இதே விழிப்பு. சட்டப்படி அபினி விளைவிக்கும் நாடு இது. ஆனாலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்படும்வரை, புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கொடுக்க ஆஸ்பத்திரிகள் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. இன்னும் ஒரு மாதமே இருப்பவர் போதைக்கு அடிமையாகிவிடக் கூடாதே என்று, அவர் அலறலைக் கேட்டபடியே அவர் ஒழுக்கத்தைக் காத்த சட்டம்!

குடும்பத்தின் பாசத்தையும் சொல்லியாக வேண்டும். “அப்பாகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்கிறான் மகன். ஐ.சி.யு. வாசலில் மூத்தவனும் மருமகனும் சித்தப்பாவும் கூடிப் பேசுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து இளையவன் போனில் தன் கருத்தைச் சொல்கிறான். நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த அப்பாவை யாரும் தொந்தரவு செய்யவில்லை. அவர் பெயரில் இருக்கும் அரை சென்ட் நிலத்தை விற்க அவர் கையெழுத்து கட்டாயம். அவர் தொண்டையில் குழாய் இறக்க மகன் கையெழுத்தே போதும்.

வாழ்க இந்தக் கருணை! அன்று நீதிபதியையும் கலெக்டரையும் கேட்டது; இன்றும் நிபுணரை, சம்பந்தி வீட்டாரைக்கூடக் கேட்கிறது. “உங்களுக்கு என்ன வேணும் ஐயா?” என்று படுத்திருப்பவரைக் கேட்கும் சிரமத்தை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை.