ஓட்டுபவன் இந்தியன், வண்டி அந்நியன்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு வேலை மாறுகிறவர்கள் முதலில் கேட்பது வாடகை. அடுத்தது தண்ணீர். மூன்றாவதாக வரும் கேள்வி இது: "லைசென்ஸை மாத்தணுமா?"

வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. பிரிவு 13. இந்தச் சட்டப்படி வழங்கிய லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். எல்.எல்.ஆர். கூடச் செல்லும். ஒரே ஒரு வாக்கியம். அயனாவரத்தில் வாங்கியது அமிர்தசரஸிலும் லைசென்ஸ்தான். போன ஊரில் புதிதாக இன்னொன்று வாங்கப் போனால்தான் தப்பு. ஒருவர் கையில் இரண்டு லைசென்ஸ் இருக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு. வீட்டு முகவரி மாறியிருந்தால் அதை மட்டும் திருத்திக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் 200 ரூபாய்.

ஒழுங்கான நாடாக இருந்தால் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் சட்டம் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டால் பலருக்குப் பிழைப்பு போய்விடும். எனவே அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ஆர்டிஓ ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டிருப்பவர் "மாத்தித்தான் சார் ஆகணும், நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் பிரச்சினை பண்ணுவான்" என்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஓய்வுபெற்ற ஒருவர் "ஒரு வருடம்தான் செல்லும்" என்று தீர்ப்பு எழுதுகிறார். வண்டியை ஓரங்கட்டிய காவலர் வெளிமாநில லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல. நாம் பயந்துபோய் பர்ஸைத் தொடுகிறோம். பிரிவு 13 பாவம், டெல்லியில் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள் "அங்கேயும் மாத்தணும் தெரியுமா" என்பார்கள். உண்மைதான். கலிஃபோர்னியாவில் குடியேறினால் 10 நாளுக்குள், டெக்சாஸில் 90 நாளுக்குள். அங்கே லைசென்ஸ் மாநிலத்தின் சொத்து, மாநிலத்தின் சட்டம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் நாட்டுக்கே ஒரு சட்டம் போட்டுவிட்டு, தெருவுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்.

இருக்கட்டும். லைசென்ஸ் விஷயத்தில் அரசுக்கு ஏன் இத்தனை பெருந்தன்மை? எல்லை இல்லை, கெடு இல்லை, கேள்வி இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 20 வயதில் வாங்கினால் 40 வயது வரை செல்லும். இருபது வருடத்துக்கு ஒருவரும் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் ஓட்டத் தெரியுமா? கண் தெரியுதா?" என்று கேட்க மாட்டார்கள்.

முதல் தடவை மட்டும் என்ன கேட்டுவிட்டார்கள்? டிரைவிங் ஸ்கூல் காரில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் மாஸ்டர். அவர் காலடியில் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். வெளியே பிரேக் இன்ஸ்பெக்டர். கார் முப்பது அடி போயிற்று, நின்றது. ஓட்டியது யார் என்பது காருக்கே தெரியாது. டூவீலர் என்றால் எட்டு போடச் சொல்வார்கள். அதன்பிறகு ஆயுசுக்கும் எந்த ரோட்டிலும் எட்டு போடுகிற அவசியம் வராது. பள்ளத்துக்கும் மாட்டுக்கும் எதிர்த்திசையில் வருகிற ஆட்டோவுக்கும் நடுவே போடுகிற எண்ணுக்கு இதுவரை பெயர் வைக்கவில்லை. அதைச் சோதிக்கவும் இல்லை.

நாட்டில் இருக்கிற லைசென்ஸ்களில் 30 சதவீதம் போலி என்று சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. துறையின் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி. நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் இந்தியாவில் செத்தவர்கள் 1,68,491 பேர். இது அவருடைய அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த அரசாவது பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. அந்த அட்டையில் என்ன வருமானம்? 200 ரூபாய். பதறுகிற தொகையா அது?

பதறுகிற தொகை வண்டியில் இருக்கிறது.

அதே சட்டம், பிரிவு 47. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். ஓட்டுகிறவன் காஷ்மீர் முதல் குமரி வரை இந்தியன். அவன் உட்கார்ந்திருக்கிற கார் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் அந்நியன். பன்னிரண்டு மாத விசா.

புது எண்ணென்றால் புது வரி. 2023 நவம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் 12 லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கியவருக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம். இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். இதெல்லாம் ஜிஎஸ்டிக்கு மேலே. 2017 ஜூலை முதல் தேதி நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் விளக்கெல்லாம் போட்டு 'ஒரே நாடு, ஒரே வரி' என்று கொண்டாடினார்களே, அந்த ஒரே வரியைக் கட்டியபிறகு கட்டுகிற இன்னொரு வரி. பெங்களூரில் ஒரு வருடம் தாண்டினால் கர்நாடகத்துக்கு வேறு ஆயுட்கால வரி. வண்டியின் வயதுக்கு ஏற்பக் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். கருணை.

மோட்டார் வண்டிகள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. வண்டி மேல் போடுகிற வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் லைசென்ஸ் இந்தியாவுடையது, கல்லாப்பெட்டி மாநிலத்துடையது. மாநில உரிமை என்று மேடையில் முழங்குகிற எல்லாக் கட்சிகளும், முழங்காத கட்சிகளும்கூட, பதவிக்கு வந்ததும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றிவருகிற உரிமை இது ஒன்றுதான்.

12 மாதம் காத்திருக்கக் கர்நாடகத்துக்குப் பொறுமை இல்லை. 2014இல் வரிச் சட்டத்தைத் திருத்தி 30 நாள் என்றார்கள். ஒரு மாதம் தங்கினால் ஆயுளுக்கும் வரி. அக்காவின் பிரசவத்துக்கு வந்து தங்கினவன்கூட ஆயுட்கால வரி கட்டிவிட்டுத்தான் குழந்தைக்குத் தொட்டில் கட்ட வேண்டும். வெளிமாநில எண்ணைப் பார்த்தாலே மறித்தார்கள். 2016இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. மத்தியச் சட்டம் 12 மாதம் என்கிறபோது நீங்கள் யார் 30 நாள் என்பதற்கு, என்பதுதான் சாரம். இதைக் கண்டுபிடிக்க ஒரு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது. வழக்குப் போட்டவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே கோர்ட்டுக்கு அலைந்தார்கள். சட்டம் போட்டவர்களுக்கு வக்கீல் ஃபீஸ் நம் பணத்தில் இருந்து போயிற்று.

சரி, 12 மாதம் ஆயிற்றா இல்லையா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் அரசு நிர்வாகத்தின் அழகு முழுதாகத் தெரிகிறது. வண்டி எப்போது வந்தது என்று அரசு நிரூபிக்காது. வரவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். சுங்கச்சாவடி ரசீது காட்டு, பெட்ரோல் பில் காட்டு. ஆனால் 2021 பிப்ரவரியில் இருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். தேசிய நெடுஞ்சாலையில் எந்த வண்டி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது நொடி சுத்தமாகப் பதிவாகிறது. காசு எடுக்கும்போது அந்தக் கம்ப்யூட்டருக்கு நம்மை நன்றாகத் தெரியும். நமக்குச் சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் அதற்கு மறதி வந்துவிடுகிறது.

இதில் வீட்டு ஓனர் கூத்து வேறு. வாடகை ஒப்பந்தத்தை எல்லா ஓனரும் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருடம் தாண்டினால் ரிஜிஸ்டர் செய்ய வேண்டுமே. ஆக, ஓனருக்கு நீங்கள் 11 மாத ஆசாமி. போக்குவரத்துத் துறைக்கு 12 மாதம் கடந்த ஆசாமி. முகவரிச் சான்று கேட்கிறபோது மட்டும் எந்த ஊரிலும் இல்லாத ஆசாமி.

மாற்றியே தொலைப்போம் என்று முடிவெடுத்த உத்தமர் என்ன ஆகிறார் என்று பார்ப்போம். பழைய மாநிலத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். 28ஆம் எண் படிவம். 2021 மார்ச்சில் மத்திய அரசு 18 சேவைகளை ஆதார் இருந்தால் வீட்டிலிருந்தே பெறலாம் என்று அறிவித்தது. என்.ஓ.சி. விண்ணப்பமும் அதில் உண்டு. இருமுடி இல்லாமல் பதினெட்டுப் படி ஏற முடியாது என்பது பக்தர்களுக்குத் தெரியும். இங்கே இருமுடியைச் சுமக்கிறவர் புரோக்கர். ஆன்லைனில் விண்ணப்பித்ததை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காகிதம் இல்லாத நிர்வாகத்துக்கு அத்தனை காகிதம் செலவாகிறது.

அந்தப் படிவத்தில் சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரதி ஒட்ட வேண்டும். புரியாதவர்களுக்காக: வண்டியின் இரும்புச் சட்டத்தில் எண் பொறித்திருப்பார்கள். அதன்மேல் காகிதத்தையோ செல்லோடேப்பையோ வைத்து, பென்சிலால் தேய்த்து, எழுத்துகள் எழும்பி வந்ததும் அப்படியே பெயர்த்து எடுக்க வேண்டும். ஆபீஸ் வாசலில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். காதில் பென்சில், சட்டையெல்லாம் கிரீஸ். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "சார், துரு ஏறியிருக்கு, ஏழா ஒன்னான்னு தெரியலை" என்பார். நீங்கள் வெயிலில் குனிந்து நின்று ஆர்.சி.யைப் பார்த்து, "ஏழு" என்பீர்கள். அவர் ஏழு என்று கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார். வண்டியில் இருக்கிற எண்ணும் ஆர்.சி.யில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிற தொழில்நுட்பம் இது. அதே எண் 'வாகன்' தளத்தில் இருக்கிறது. இரண்டு மாநில ஆபீசும் பார்ப்பது அதே தளத்தைத்தான். நிலவின் தென்துருவத்துக்கு அருகே வண்டி இறக்கிய நாடு இது. அங்கே என்.ஓ.சி. கேட்கவில்லை.

லோன் இருந்தால் பேங்க்காரர் கடிதம். பழைய சலான் பாக்கி இருந்தால் அது. வண்டி மேல் குற்ற வழக்கு இல்லை என்பதற்கு ஒரு சான்று. எல்லாம் முடித்துப் புது மாநிலத்துக்குப் போனால் "வண்டியைக் கொண்டுவந்து காட்டு" என்பார்கள். காட்டி, வரி கட்டி, எண் வாங்கி, புது நம்பர் பிளேட் மாட்டியபிறகு, அந்த ஆர்.சி. நகலோடு பழைய மாநிலத்துக்குத் திரும்பி வந்து மீதி வரியைத் திருப்பிக் கேட்க வேண்டும். அங்கே முதலில் கட்ட வேண்டும், இங்கே பிறகு கேட்க வேண்டும். வரிசை புரிகிறதா? நாம் தாமதமாகக் கட்டினால் அபராதம் உண்டு. அவர்கள் தாமதமாகத் திருப்பித் தந்தால், தந்தார்களே என்று நாம் நன்றி சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் இந்தக் கதி என்று நினைத்துவிடாதீர்கள். கோடி ரூபாய்க் கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. புதுச்சேரியில் ஒரு முகவரி. வரி குறைவு. அப்படிப் புதுச்சேரி எண்ணோடு கேரளத்தில் ஓடிய சொகுசு கார்கள் 2017இல் பெரிய விவகாரமானபோது நடிகர்கள், பிரமுகர்கள் என்று பெயர்கள் வெளிவந்தன. அவர்களில் யாரும் வண்டிக்கடியில் பென்சிலோடு படுத்ததாகத் தகவல் இல்லை.

நடுத்தர வர்க்கத்துக்கும் வழி செய்திருக்கிறோமே என்பார்கள். செய்தார்கள். 2021 செப்டம்பரில் பி.எச். வரிசை. பாரத் என்று அர்த்தமாம். மாநிலம் மாறினாலும் எண் மாற வேண்டாம், வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். நல்ல யோசனை. யாருக்கு? ராணுவத்தினருக்கு, அரசு ஊழியருக்கு, பொதுத்துறை ஊழியருக்கு. தனியார் என்றால், நான்கு மாநிலங்களிலாவது கிளை உள்ள கம்பெனியில் இருக்க வேண்டும். ஓசூரில் லேத் பட்டறை வைத்துவிட்டுப் பெங்களூருக்குப் பிழைக்கப் போனவன் பாரதத்தில் சேர்த்தி இல்லை. துணிக்கடைக்காரன் இல்லை. சொந்தமாக டாக்சி ஓட்டுபவன் நிச்சயமாக இல்லை. திட்டத்துக்கு நாட்டின் பெயரை வைத்துவிட்டு, நாட்டில் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

மூன்று வருடம் கழித்து நம் உத்தமரைக் கம்பெனி மறுபடி சென்னைக்கே மாற்றுகிறது. கர்நாடகத்தில் என்.ஓ.சி. மறுபடி 28ஆம் எண் படிவம், மறுபடி பென்சில், மறுபடி ஏழா ஒன்றா. தமிழ்நாட்டில் மறுபடி ஆயுட்கால வரி. இங்கே முதல் தடவை கேட்ட ரீஃபண்ட் இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது. இனி கர்நாடகத்திலும் ஒரு பரிசீலனை.

இத்தனை கவுன்டர்களில் ஒருவர்கூட அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்கவில்லை.