போனஸ் என்றொரு தூண்டில்

2020 டிசம்பர். அமெரிக்காவின் கோடேடி நிறுவன ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல்: பண்டிகை போனஸ் 650 டாலர், விவரங்களை நிரப்பி அனுப்புங்கள். அனுப்பியவர் முகவரியும் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது.

சுமார் 500 பேர் ஏமாந்தார்கள். இரண்டு நாள் கழித்து உண்மை வந்தது. போனஸும் இல்லை, ஒன்றும் இல்லை. போலி மின்னஞ்சலில் விழுகிறார்களா என்று நிறுவனமே வைத்த பரீட்சையாம். தோற்றவர்கள் பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி முடிக்க வேண்டுமாம்! முதலாளிக்கு மனசு இளகும் என்று நம்பியதுதான், பாவம், அவர்கள் செய்த பிழை. ஊர் சிரித்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

2024இல் வெளியான ஹாங்காங் கதை வேறு மாதிரி. அரூப் நிறுவன ஊழியர் ஒருவர், பணம் அனுப்பச் சொல்லி வந்த மின்னஞ்சலைச் சந்தேகிக்கத்தான் செய்தார். வீடியோ கூட்டத்தில் நிதித் தலைவர் முகத்தைக் கண்டதும் சமாதானமாகி, 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்தார். அந்தக் கூட்டத்தில் அசல் முகம் அந்த ஊழியருடையது மட்டுமே.