லைக் வாங்காத நூலகர்மீது நடவடிக்கை

நம் பொது நூலகங்களுக்கு விடிவு பிறந்துவிட்டது. கூரை ஒழுகுவது நிற்கவில்லை, கழிப்பறை வரவில்லை, காலிப் பணியிடம் நிரம்பவில்லை. ஆனால் நூலகர்களுக்குச் சமூக வலைத்தளப் பயிற்சி கொடுத்தாயிற்று. இனி நூலகத்துக்கு ஃபேஸ்புக்கில் பக்கம் இருக்கும், வாட்ஸ்அப்பில் குழு இருக்கும், இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் ஓடும். நூலகம் திறந்திருக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். நூலகர் பயிற்சிக்குப் போயிருக்கிறார்.

மாவட்டத் தலைநகரில் நடக்கும் இந்தப் பயிற்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். காலை பத்து மணி என்று அழைப்பிதழ் சொல்லும். சிறப்பு விருந்தினர் பதினொன்றே முக்காலுக்கு வருவார். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அதற்கு மேல் ஒரு வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. கருத்தாளர் புரொஜெக்டரைப் போடும்போது சாப்பாட்டு வாசனை வந்துவிடும். அப்படியொரு பயிற்சியில், வாசனையை மீறி ஒரு ஊர்ப்புற நூலகர் அம்மா எழுந்து கேட்டார்:

“சார், எங்க நூலகத்துல கம்ப்யூட்டர் இல்லீங்க.”

“போன் இருக்குல்ல மேடம்? அது போதும்.”

“போன் பையன் படிப்புக்கு வாங்குனதுங்க. நெட்டும் என் காசுலதான் போடணும்.”

“நெகட்டிவா யோசிக்காதீங்க மேடம். எல்லாரும் மேடத்துக்கு ஒரு கைதட்டு குடுங்க!”

கைதட்டினார்கள். மாலையில் சான்றிதழ், அதைப் பிடித்துக்கொண்டு குழுப் படம். நூலகர்கள் பஸ் ஏறுவதற்குள் அந்தப் படம் ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒரு கருவியைக் கையில் எடுத்துப் பயன்படுத்தியவர் படமெடுத்தவர் ஒருவர்தான்.

கருவிமேல் எனக்குப் பகை கிடையாது. 2006-இல் அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலன் புளோவர்ஸ் என்ற அம்மையார் ‘23 விஷயங்கள்’ என்றொரு பயிற்சியை வைத்தார். வலைப்பூ, புகைப்படத் தளம், விக்கி, ஒலியோடை என்று இருபத்து மூன்று சின்னச் சின்ன வேலைகள். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. ஊழியர்கள் அவரவர் வேகத்தில், தாங்களே நோண்டிப் பார்த்து, கற்றதைத் தங்கள் வலைப்பூவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 கருவி பரிசு. அது நன்றாயிருந்ததால் பல நாட்டு நூலகங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. அங்கே நூலகருக்கு விளையாடிப் பார்க்க நேரம் கொடுத்தார்கள். இங்கே கொடுத்தது இலக்கு. வாரத்துக்கு இத்தனை பதிவு, மாதத்துக்கு இத்தனை லைக். குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம்.

அந்த வாட்ஸ்அப் குழுவை ஒருமுறை எட்டிப் பாருங்கள். நூலகர்கள் இருக்கிறார்கள், அலுவலர்கள் இருக்கிறார்கள். வாசகர் என்ற ஜீவன் மருந்துக்கும் இல்லை. காலையில் ஒவ்வொருவரும் கதவைத் திறந்து, இடமும் நேரமும் பொறித்த படத்தை அனுப்ப வேண்டும். “நூலகம் திறக்கப்பட்டது ஐயா.” கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா. ஏழு நாளும் ஏழு மாலை, மாலைக்கு நாலு படம். ஆகஸ்ட் 12 நூலகவியல் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்தநாள். அன்றைக்கு அவர் படத்துக்கு விழுகிற பூவில் பாதி கேமராவுக்குத்தான். ஃபேஸ்புக் பக்கத்தில் விருப்பக்குறி போட்டவர்கள் யாரென்று பார்த்தால் பக்கத்து வட்டாரத்து நூலகர்கள். அவர்களுக்கு இவர் போட வேண்டும், இவருக்கு அவர்கள் போட வேண்டும். சமூக வலைத்தளமாம்! இதில் சமூகம் எங்கே இருக்கிறது? பழைய வருகைப் பதிவேட்டுக்குக் கண் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்க நூலகம் வருகிற பெண்பிள்ளைகள் பலருக்கு அந்த மேசையை விட்டால் வேறு இடமில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவள் இருப்பாள், மாமியாரிடம் மருந்துக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறவள் இருப்பாள். அவளிடம் போய், “கொஞ்சம் நிமிர்ந்து பாரும்மா, புத்தகத்தை மேலே தூக்கும்மா” என்று படமெடுத்து ஊருக்கே காட்டுவதற்கு யார் உரிமை கொடுத்தது? வாசகரோடு பழகுவதில் தெரியவரும் அவருடைய சொந்த விஷயத்தை வெளியே சொல்லலாகாது என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே தன் ஒழுக்க விதியில் எழுதிவைத்துவிட்டது. நம் பயிற்சியில் எந்த வடிகட்டி போட்டால் முகம் பளிச்சென்று வரும் என்பதற்கு அரைமணி நேரம். வாசகரின் அனுமதி கேட்பதற்கு அரை நிமிடம்கூட இல்லை. படம் ஏறிய மறுநாளிலிருந்து ஒருத்தி வராமல் போனால் அதைப் பதிய எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கிவைத்தவர் அதே ரங்கநாதன். வாசகர் இருக்குமிடத்துக்கு நூலகம் போக வேண்டும் என்ற இந்தக் காலத்துப் பெரிய பேச்சையெல்லாம் இரண்டு மாடுகள் அன்றைக்கே இழுத்து முடித்துவிட்டன. இன்றைய விதிப்படி பார்த்தால், வண்டிக்காரர் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் இறங்கி மாட்டோடு ஒரு செல்ஃபி அனுப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் வைக்கோல் செலவு பாஸ் ஆகியிருக்காது.

உருப்படியாகக் கற்றுக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. கேட்ட புத்தகம் கிளை நூலகத்தில் இருக்கிறதா என்று பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கும் நிலை இன்னும் பல ஊர்களில் உண்டு. ஊர்க்காரர்களையே சேர்த்து ஒரு குழு வைத்து, “இந்த நாவல் வந்திருக்கிறது, யாருக்கு எடுத்துவைக்க?” என்று நூலகர் கேட்டால் போதும், வாசகர் வட்டம் தானாக உயிர்பெறும். 2016-இல் விக்கிப்பீடியாவின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு உலக நூலகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: ஆளுக்கு ஒரு கட்டுரையில் ஒரு சான்று சேருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் சான்றில்லாமல் நிற்கும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. சான்றுகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் நம் நூலகர். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு பிற்பகல் போதாதா? 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீயில் இழந்த இனம், 2005-இல் தன்னார்வலர்களை வைத்தே ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிவருகிறது. நம் ஊர் நூலகங்களில் செல்லரிக்கும் உள்ளூர் விழா மலர்களை ஸ்கேன் செய்ய யாராவது பயிற்சி வைத்தார்களா? வைக்க மாட்டார்கள். அதில் குழுப் படம் நன்றாக வராது.

சரி, இதற்கெல்லாம் பணம்? பணம் இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948-இல் போட்டது சென்னை மாகாணம். அந்தச் சட்டத்தின்படி இன்றைக்கும் நீங்கள் நூலக வரி கட்டுகிறீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வசூலிப்பது உள்ளாட்சி. வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்திருக்கும் கதை நூலகத் துறையில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பையிலிருந்து புத்தகத்துக்கென்று எடுத்த காசை எதெதற்கோ இறைத்துவிட்டு, 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களிடம் “உங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியவில்லை, வாருங்கள் சொல்லித்தருகிறோம்” என்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். தொழில்நுட்பம் தெரியாதவர்கள் அவர்கள் இல்லை. வாங்கிய பணத்தை உரிய இடத்தில் சேர்க்கும் தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது?

வீட்டு வரி ரசீதை எடுத்து நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் நகராட்சியோ ஊராட்சியோ வசூலித்தது எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். வருகிற பதிலைப் படமெடுத்து உங்கள் ஊர் நூலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுங்கள். பயிற்சி வீண் போகவில்லை என்று நூலகர் நிம்மதியடைவார்.