சொல்லி வைத்தலும் சொல்லி வைத்தல் நிமித்தமும்

மேற்குச் சென்னையில் எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும் ஒரு கேட் இருக்கும். கேட்டில் செக்யூரிட்டி இருப்பார். அவர் தலைக்கு மேல் ‘வேலை காலி இல்லை’ என்று பலகை தொங்கும். அந்தப் பலகைக்குக் கீழேயே புது ஆள் ஒருவர் டிபன் பாக்ஸோடு உள்ளே போய்க்கொண்டிருப்பார். காலி இல்லாத வேலைக்கு இவர் எப்படிப் போகிறார் என்பதே இவ்வாய்வின் வினா. அறிஞர் உலகம் இதை இதுநாள் வரை கண்டுகொள்ளவில்லை. அறிஞர்களில் பலரும் அப்படித்தான் உள்ளே போனார்கள் என்பது காரணமாக இருக்கலாம்.

மரபுப்படி முதற்பொருளிலிருந்து தொடங்குவோம். நிலம், சென்னை–திருவள்ளூர் சி.டி.எச். ரோடும் அதைச் சார்ந்த இடமும். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1961-இல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். பாடிப் பக்கம் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா என்று வரிசையாக எழுந்தன. பூந்தமல்லியில் நின்றால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் விடியற்காலையிலேயே ஆள் பொறுக்கத் தொடங்கிவிடும். பெரும்பொழுது, தீபாவளி போனஸ் கைக்கு வந்த அடுத்த மாதம். வேலையை விடுகிறவர்கள் அப்போதுதான் விடுவார்கள். சிறுபொழுது, ஷிப்ட் மாறும் நேரம். கருப்பொருளில் தெய்வம் எச்.ஆர்.; எளிதில் காட்சி தராது. உரிப்பொருள் சொல்லி வைத்தல். “பையனுக்கு எங்கயாவது சொல்லி வைங்க” என்பதில் தொடங்கி “சொல்லி வெச்சிருக்கேன்” என்பதில் நிலைபெறும் ஒழுக்கம் இது. இதற்கு முடிவு உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முன்னோர் கொள்கைகளில் முதலாவது அரசாங்கத்தினுடையது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945-இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. 1948-இல் அவை எல்லோருக்கும் திறக்கப்பட்டன. 1959-இல் ஒரு சட்டமும் வந்தது. அதன்படி 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம், காலியிடம் வந்தால் அந்த அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டியிருந்தது. தெரிவிக்காவிட்டால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 1,000 ரூபாய் வரை. ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தெரிவித்துவிட்ட ஒரே காரணத்துக்காக அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்றும் சொன்னது. அதாவது சொல்ல வேண்டும், எடுக்க வேண்டாம். சொல்லி வைத்தலின் சாரத்தை இத்தனை தெளிவாக வேறெந்தச் சட்டமும் பிடித்ததில்லை. நம் ஊர் மாமாக்கள் காலங்காலமாகக் கடைப்பிடித்துவரும் நெறிக்கு நாடாளுமன்றம் முத்திரை குத்தியது, அவ்வளவுதான்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவட்டையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு மூப்பு என்ற ஒன்று இதில் உண்டு. காத்திருந்த காலத்தையே தகுதியாகக் கருதும் பெருந்தன்மை அது. அம்பத்தூர்க்காரர்கள் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தார்கள், பிறகு சென்னை மாவட்டத்துக்கு வந்தார்கள். சிலர் வீட்டில் அப்பாவின் அட்டைக்கு ஒரு மாவட்டம், மகனின் பதிவுக்கு வேறு மாவட்டம். இருவரும் ஒரே எஸ்டேட்டில் வேறு வழியில் வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது ஆய்வுக்கு வெளியே உள்ள செய்தி.

அந்த வேறு வழி கேட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. டீக்கடை. காலியிடம் உண்டாகும் செய்தி எச்.ஆருக்குத் தெரியும் முன்பே டீ மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். இதில் மாயமில்லை. மாதக் கணக்கு வைத்துக் குடிக்கிற ஃபிட்டர் ஒருவர், தேதி பதினெட்டில் திடீரென்று பாக்கியை முழுசாகத் தீர்த்தால் அவர் வேறிடம் பார்த்துவிட்டார் என்று பொருள். ராஜினாமாக் கடிதம் அதற்குப் பிறகுதான் தட்டச்சாகும். தீர்க்காமலே காணாமல் போனாலும் பொருள் அதுதான். ஆகவே ‘ஆட்கள் தேவை’ என்ற நோட்டீஸ் கேட்டில் ஒட்டப்படும்போது அந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஆள் வந்திருப்பார். பசை காய்வதற்குள் கிழிப்பார்கள்; கிழிக்க மறந்தால் அது மூன்று மழை பார்க்கும்.

இனி, யாரிடம் சொல்லி வைப்பது என்ற கேள்வி. பொதுப்புத்தி நெருங்கிய சொந்தத்தைத் தேடிப் போகும். இது தவறு என்பதற்குச் சான்று அமெரிக்காவிலிருந்தே கிடைக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரத்தில் வேலை மாறியவர்களை விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்க்கிறவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்க்கிறவர்கள் 27.8 சதவீதம். 1973-இல் இதை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றார். காரணம் எளிது: நெருங்கியவனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரியும். டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்த பெரியப்பாவுக்கு டாங்கி தெரியும், டாங்கியில் இருக்கிறவர்களைத் தெரியும்; எஸ்டேட்டில் மூன்றாவது தெருவில் சி.என்.சி. ஆபரேட்டர் கேட்கிறார்கள் என்பது தெரியாது. அது, திருவள்ளூர் லோக்கலில் தினமும் ஒரே கம்பியைப் பிடித்து நிற்கும், பெயர்கூடக் கேட்டிராத மனிதருக்குத் தெரியும். அண்ணனூரில் ஏறி பட்டரைவாக்கத்தில் இறங்குவதற்குள் அவர் சொல்லிவிடுவார்.

பெரியப்பாவுக்கு இன்னொரு தடையும் உண்டு. கிரனோவெட்டர் அந்த அளவுக்கு இதைப் பேசியதாகத் தெரியவில்லை, ஆனால் அம்பத்தூரில் இதுதான் அடிப்படை. பையன் உள்ளே போன பிறகு சூப்பர்வைசர் பையனைத் திட்டமாட்டார், சொன்னவரைத் திட்டுவார். “உங்க ஆளு இன்னிக்கும் வரல.” இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கம்பெனிகள் தெரிந்தவர் மூலம் ஆள் எடுக்கின்றன. பையனின் சர்ட்டிஃபிகேட் ஐ.டி.ஐ. தருவது; உத்தரவாதம் சொன்னவர் தருவது, அதுவும் இலவசமாக. பெரியப்பாவுக்குப் பையனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதனால்தான் அவர் சொல்லவில்லை. “பார்ப்போம்” என்கிறார்.

இந்த உத்தரவாதத்துக்கு விலை வைத்தவர்கள் கன்சல்டன்சிகள். வேலை தேடி வருகிறவனிடமே ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று பணம் வாங்கும் மாடியறைக் கடைகளை இங்கே சேர்க்கவில்லை; அவை ஆய்வுக்குரியவை அல்ல, போலீஸுக்குரியவை. முறையான ஏஜென்சி கம்பெனியிடம்தான் வாங்கும். வழக்கமான கணக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆள் 90 நாளுக்குள் ஓடிவிட்டால் வேறு ஆள் இலவசம் என்பது பலரும் போடும் நிபந்தனை. இதிலிருந்து ரெக்ரூட்டரின் பாசத்துக்கு ஒரு கால அட்டவணை கிடைக்கிறது. ஆஃபர் லெட்டர் வந்தது முதல் சேரும் நாள் வரை தினம் ஒரு போன்: “சார், நோட்டீஸ் பீரியட் எப்படிப் போகுது, வேற ஆஃபர் எதுவும் இல்லையே?” சேர்ந்த பிறகு வாரம் ஒன்று: “சாப்பாடு எல்லாம் ஓகேவா சார்?” பெற்ற தாயும் இவ்வளவு கேட்டதில்லை. 91-ஆம் நாள் போன் நிற்கிறது. சிலர் அன்றைக்குப் பதறிப்போய் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எடுக்கவில்லை.

ஆம்பிட் ஐ.டி. பார்க்கிலும் பட்டாபிராமில் 2024-இல் திறந்த 21 மாடி டைடல் பார்க்கிலும் மட்டும் இது வேறு மாதிரி நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கே சொன்னவருக்கு முன்பு ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸ். இப்போது கம்பெனியே ‘ரெஃபரல் போனஸ்’ தருகிறது. லிங்க்டுஇன் 2003-இல் வந்து, ஒருவர் நமக்கு எத்தனையாம் படித் தெரிந்தவர் என்று பெயருக்குப் பக்கத்திலேயே எண் போட்டுக் காட்டியது. கல்யாண வீட்டில் பாட்டிகள் இதை எண் போடாமலே சொல்வார்கள்.

சிபாரிசையே ஒழித்துவிட்டு நேர்மையாக எடுத்தால் என்ன? பாலசந்தரின் ‘தில்லு முல்லு’ (1981) இந்தக் கொள்கையின் தோல்வியைப் பதிவு செய்கிறது. முதலாளி தேங்காய் சீனிவாசன் தனக்கென்று கறாரான அளவுகோல்கள் வைத்திருக்கிறார். ரஜினியோ அந்த அளவுகோல்களை எல்லாம் குடும்பத்துக்கு வேண்டிய டாக்டர் மூலம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு இன்டர்வியூவுக்குப் போகிறார். கறாரான முதலாளிக்கும் தெரிந்தவர் என்று ஒருவர் இருந்தே தீருகிறார்.

ஒரு இடத்தில் மட்டும் ஆய்வாளரால் சிரிக்க முடியவில்லை. “எந்த ஊர் தம்பி?” என்ற கேள்விக்குப் பின்னால் கேட்கப்படாத இன்னொரு கேள்வி இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசரின் ஊர் எதுவோ அந்த ஊர்தான் பாதி ஷாப். சொல்லி வைக்க ஆளில்லாதவன், எவ்வளவு நன்றாக வெல்டு வைத்தாலும், கேட்டுக்கு வெளியில்தான். இன்று எஸ்டேட்டில் ஒடியாவும் இந்தியும் கேட்கிறது. அந்தப் பையன்களும் முன்னால் வந்த மச்சான் ஒருவன் சொன்னதைக் கேட்டு, கான்ட்ராக்டர் கையைப் பிடித்துத்தான் வந்தார்கள். மொழி மாறியிருக்கிறது, முறை மாறவில்லை.

எந்த ஆய்வுக்கும் எதிர்ச்சான்று தேட வேண்டும். யாரையும் தெரியாமல், யாரும் சொல்லாமல், பலகையைப் பார்த்து நேராக உள்ளே போய் வேலை வாங்கிய ஒருவர் வேண்டும். நெடுநாள் தேடலுக்குப் பின் எஸ்டேட்டில் ஒருவர் கிடைத்தார்; பெயரும் கம்பெனியும் வேண்டாம். அவர் விவரித்தது வருமாறு: கேட்டில் செக்யூரிட்டி, “யார் அனுப்பினது?” என்றார். யாருமில்லை என்றால் விடமாட்டார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. “உள்ள இருக்கற அண்ணன்தான்” என்றார் இவர். “பெயின்ட் ஷாப் அண்ணனா?” “ஆமா.” கதவு திறந்தது. எச்.ஆர்., பெயின்ட் ஷாப்புக்குப் போன் போட்டு உங்கள் ஆள் ஒருவர் வந்திருக்கிறாரே, எப்படி என்று கேட்டார். பெயின்ட் ஷாப் அண்ணன் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் “நான் சொல்லி வைக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். அவர்களில் இவன் யார் என்று அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

“நல்ல பையன் சார்” என்றார். “நம்ம பையன்தான்.”