ஹாலுக்குள் ஒரு ஹார்ன்

கேள்வி: வீட்டிலேயே ஹார்ன் ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆசை. எந்த டிசைனைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் இன்ச் டேப்பை எடுத்து ஹாலை அளந்து பாருங்கள். 40 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். ஹார்னின் வாய்ச் சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். அதாவது, ஒன்பதடி அகல வாய்! ‘இந்த வீட்டில் அவ்வளவு பெரிய வாய் ஏற்கெனவே இருக்கிறது’ என்று முணுமுணுக்காதீர்கள், காதில் விழும்.

1940களில் அமெரிக்கர் பால் கிளிப்ஷ் ஒரு வழி கண்டார். குழலை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, பெட்டியை அறை மூலையில் நிறுத்தினார். இரு சுவர்களும் தரையும் ஹார்னின் நீட்சியாகிவிட, வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்கே போதும். உங்கள் மூலையில் பீரோ நிற்கிறதா? அப்படியானால் பேக்-லோடட் ஹார்ன். அதில் ஒரே ஃபுல்-ரேஞ்ச் டிரைவர், அதாவது பேஸ் முதல் கீச்சுக்குரல் வரை தானே ஒலிக்கும் ஸ்பீக்கர் யூனிட். அதன் முன்பக்கம் நேராகப் பாடும், முதுகுப்பக்க ஒலி மடிப்புப் பாதையில் சுற்றி பேஸாக வெளிவரும். டிரைவரின் காந்தம் வலுவாக இருக்கட்டும். பலகை இணைப்புகளில் காற்று கசியக்கூடாது.

எதுவானாலும் டிரைவரை வாங்கியபின் அதற்கேற்ற வரைபடத்தைப் பிடியுங்கள். பெட்டியை முடித்துவிட்டு டிரைவர் தேடுவது, கோட்டைத் தைத்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கிற கதை!